புலால் குறைத்தல்: எவர் இலையில்?

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலை முதல் இஞ்சிவிளை வரையிலுள்ள சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்பொழுது புதியதொரு வழக்கு நடைபெற்று வருகின்றது. மருத்துவமனைக்குச் சென்று திரும்பிய தந்தை, "இறைச்சியைக் குறைக்க வேண்டுமாம்" என்கின்றார். கல்லூரியில் பயிலும் மகள், "உலகம் வெப்பமடைவதற்கு நம் உணவும் ஒரு காரணம், அப்பா" என்கின்றாள். "ஞாயிற்றுக்கிழமையும் கறியில்லையென்றால் பின் எதற்கு ஞாயிற்றுக்கிழமை?" என்று மகன் முணுமுணுக்கின்றான். அடுக்களையில் நிற்கும் தாய் ஒன்றும் சொல்வதில்லை. அவளுடைய இலையில் விழுவது பெரும்பாலும் குழம்பும் கழுத்தெலும்புமே. ஆதலின் அவளை எவரும் கேட்பதுமில்லை.

இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூற நாம் மருத்துவரும் அல்லோம், அறிஞரும் அல்லோம். ஆயினும் நம் சங்கத்துக் குடும்பங்களுள் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து குடியேறியவை பல. இங்கிருந்து மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று வாழ்பவையும் பல. எங்குச் சென்றாலும் உலைப்பானை உடன் வருகின்றது. ஆகவே இவ்வினாவை நம் ஊர் நிலையில் வைத்து ஆராய்தல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

பழைய இலையும் புதிய இலையும்

இறைச்சி நாள்தோறும் உண்ணும் பொருளாக நம் ஊர்களில் என்றும் இருந்ததில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீனும், கஞ்சியும் பயறும், சக்கையும் முருங்கைக்கீரையும் இப்பகுதி ஏழை மக்களின் உணவாயிருந்தன. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரைப் பரப்ப முயன்ற வரலாற்றை நேயர்கள் அறிவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா அரிசி வரவு நின்றபொழுது, திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தாங்கியது அக்கிழங்கே. பூவார், பொழியூர்க் கடற்கரைகளிலிருந்து பெண்டிர் தலைச்சுமையாகக் கொணர்ந்த சாளையும் நெத்தோலியும் அதற்குத் துணையாயின. தீபாவளி, கிறிஸ்துமஸ், கொடைவிழா, மருமகன் வருகை ஆகிய நாள்களில்தான் ஆடோ நாட்டுக்கோழியோ அடுப்பேறும்.

இந்நிலையை மாற்றியது பிராய்லர் கோழி. ஆறு வாரத்திற்குள் இரண்டு கிலோவிற்கு மேல் வளர்ந்து விற்பனைக்கு வந்துவிடும் பறவை அது. பல்லடம், நாமக்கல் வட்டாரங்களில் வளர்ந்த கோழிகளும் அங்கு இடப்பட்ட முட்டைகளும் களியக்காவிளை முதலிய எல்லைச் சாலைகள் வழியாகக் கேரளத்திற்குள் வருகின்றன. ஆட்டிறைச்சிக்கு ஆகும் பணத்தில் சிறு பங்கிற்கே கோழியிறைச்சி கிடைக்கலாயிற்று. மாட்டிறைச்சியும் பரோட்டாவும் ஒவ்வொரு சந்திப்பிலும் கிடைக்கின்றன. வளைகுடா சென்று மீண்டோர் விரும்பிய குழிமந்தியும் இன்று நெடுஞ்சாலை உணவகங்களில் இடம்பெற்றுவிட்டது. இரவுப் பணி முடித்து நிலையத்திலிருந்து வெளிவரும் நம் போன்றோர்க்கு அந்நேரத்தில் விளக்கெரியும் கடை பெரும்பாலும் பரோட்டாக் கடையே.

நடுவண் அரசின் 2022-23ஆம் ஆண்டு வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கேரளத்துக் கிராமக் குடும்பங்கள் தம் உணவுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிற்குச் செலவிட்டன. விலை பற்றி நாம் எவ்வளவு விழிப்புடையோம் என்பதற்கு 2017 ஜூலை சான்று. ஜி.எஸ்.டி. வந்தமையால் கோழியின் மீதிருந்த 14.5 விழுக்காட்டு வரி நீங்கியது; எனவே உயிர்க்கோழியைக் கிலோ 87 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று அன்றைய கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அறிவித்தார். வணிகர் கடையடைத்தனர், மக்கள் வாதிட்டனர். கோழி என்ன விலை என்று அன்று எல்லோரும் கேட்டோம். எவ்வளவு உண்கின்றோம் என்ற கேள்வி அப்பொழுது எழவில்லை.

மருத்துவர் கூறுவது

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வின்படி, நீரிழிவு நோயுடையோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 11.4 பேர், தமிழ்நாட்டில் 14.4 பேர், கேரளத்தில் 25.5 பேர். எல்லைச் சாலையின் இருமருங்கும் ஒரே கிழங்கையும் ஒரே மீனையும் உண்டு வாழும் நமக்கு இவ்வெண்கள் அச்சம் தருவனவே.

எனினும் இப்பழியை முழுவதும் இறைச்சியின் தலையில் ஏற்றுதல் முறையன்று. உடலுழைப்புக் குறைந்தமை, மிகுதியான சோறும் மாப்பண்டமும், சருக்கரை, எண்ணெயில் பொரித்த தின்பண்டம் ஆகிய யாவும் இதில் பங்குடையன. இறைச்சியைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015 அக்டோபரில் தன் முடிவை வெளியிட்டது. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் விளைவிப்பது என்றும், ஆடு, மாடு, பன்றி முதலியவற்றின் சிவந்த இறைச்சி அவ்வாறு விளைவிக்கக் கூடியது என்றும் அது வகைப்படுத்தியது. பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்பார்க்குப் பெருங்குடற் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகின்றது என்பது அதன் கணக்கு. ஞாயிறுதோறும் சிறிது உண்பவர் இதனால் நடுங்க வேண்டுவதில்லை. நாள்தோறும் உண்பவர் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தியர் பெறும் உணவாற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகின்றது என்று காட்டியது. அம்மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பயறு, பால் ஆகியவற்றின் புரதத்தை வைப்பின் நீரிழிவு நேரும் வாய்ப்புக் குறையும் என்றும் அது கூறுகின்றது. ஆகவே இறைச்சியைக் குறைத்துவிட்டோம் என்று மகிழ்ந்து, அவ்விடத்தில் இன்னுமொரு கரண்டிச் சோற்றையோ மரச்சீனியையோ வைப்பது, ஒரு வாயிலை அடைத்து மற்றொரு வாயிலைத் திறப்பதாகும். உலர்ந்த பயறு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அதே அளவு மரச்சீனியில் ஒரு கிராம் அளவே உண்டு. குறைத்ததன் இடத்தில் என்ன வைக்கின்றோம் என்பதே பாதி மருத்துவம்.

மண்ணும் நீரும் கூறுவது

உடல்நலம் பற்றிப் பேசுவோர் நம் ஊர்களில் பலர். நிலநலம் பற்றிப் பேசுவோர் சிலரே. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் வெளியாகும் வெப்பவளிகளில் ஏறத்தாழ 12 விழுக்காடு கால்நடை வளர்ப்பைச் சார்ந்தது. 2018-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு உணவுப் பொருள்களை ஒப்பிட்டது. 100 கிராம் புரதம் பெறுவதற்கு, இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டினால் சராசரியாக 50 கிலோ அளவு வெப்பவளியும், கோழியினால் ஏறத்தாழ 6 கிலோவும் வெளியாகின்றன. பருப்பு வகைகளுக்கு ஒரு கிலோவும் ஆவதில்லை.

இது உலகச் சராசரியேயாகும். நம் சந்தைக்கு வரும் மாட்டிறைச்சி பெரும்பாலும் உழுதும் கறந்தும் ஓய்ந்த மாடுகளும் எருமைகளும் தருவது. ஆதலின் அயல்நாட்டுக் கணக்கை அப்படியே நம் தலையில் கவிழ்த்தல் பொருந்தாது. கோழியின் கணக்கோ நமக்கும் பொருந்தும். பிராய்லர் கோழி உயிரெடையில் ஒரு கிலோ கூடுவதற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் தின்கின்றது. இறகும் குடலும் தலையும் நீக்கிய கறிக்குக் கணக்கிடின், கிலோவுக்கு இரண்டரைக் கிலோ அளவு தீனி ஆகின்றது. கொலிஸ்டின் என்னும் மருந்து, மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோய்க்கிருமிகளுக்கு மருத்துவர் இறுதியாகக் கையாள்வது. அதைக் கோழிப் பண்ணைகளில் வளர்ச்சிக்காகத் தீனியில் கலந்து வந்தமையால், 2019-இல் இந்திய அரசு உணவுக்கான விலங்குகளுக்கு அதைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவற்றினும் நம் கண்முன் நிற்பது கழிவு. கோழியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு கடையிலேயே கழிவாகின்றது. அதனை முறைப்படி பதப்படுத்தும் ஆலைகள் உள. ஆயினும் மூட்டை கட்டி இரவில் சாலையோரத்திலும் வாய்க்காலிலும் ஆற்றங்கரையிலும் எறிவோர் இன்னும் உளர். எல்லை கடந்து கொட்டவந்த கழிவு வண்டிகளைக் குமரி மாவட்டக் காவலர் பிடித்த செய்தி அவ்வப்பொழுது நாளிதழ்களில் வருகின்றது. நெய்யாறு எத்தனையோ ஊர்களின் குடிநீர். கேரளத்தார் எறிந்தனரா, தமிழ்நாட்டார் எறிந்தனரா என்று நீர் பிரித்தறிவதில்லை. இரு கரையிலும் வாங்கி உண்பவர் நாமே.

"எங்களைச் சைவமாக்கப் பார்க்கிறீர்களா?"

இறைச்சியைக் குறைத்தல் பற்றி அக்கம்பக்கத்தில் பேச்செடுத்தால் பல்வகை விடைகள் வருகின்றன. "டாக்டர் கண்டிப்பாகச் சொன்னால் பார்ப்போம்" என்பார் ஒரு சாரார். "விருந்தாளிக்குக் கறியில்லாமல் இலை போடுவது மரியாதையா?" என்பார் மற்றொரு சாரார். சினந்து, "எங்களைச் சைவமாக்கப் பார்க்கிறீர்களா?" என்று கேட்பவரும் உளர்.

இச்சினத்திற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் உணவு வெறும் உணவாக இருந்ததில்லை. சாதியை அளக்கும் கோலாகவும் இருந்து வந்துள்ளது. மும்பையிலும் சென்னையிலும் வாடகைக்கு வீடு தேடிய நம் குடும்பங்கள், "சைவர்க்கு மட்டும்" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய துன்பத்தை மறந்திரா. 2017 மே மாதத்தில் மாட்டுச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை நடுவண் அரசு வெளியிட்டபொழுது கேரளமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை நாடு முழுவதும் நிறுத்தி வைத்தது. இத்தகைய சூழலில் "குறைத்து உண்" என்ற அறிவுரை "நீ தாழ்ந்தவன்" என்பதுபோல் காதில் விழுதல் இயல்பே.

ஆயினும் புலால் மறுப்பு உயர்சாதியாரின் தனியுடைமை என்று எண்ணுதல் நம் வரலாற்றுக்கு இழைக்கும் குறையாகும். நெய்யாற்றின்கரைக்கு அருகில், நெய்யாற்றின் கரையிலேயே உள்ளது அருவிப்புறம். 1888-இல் அங்குச் சிவலிங்கத்தைப் பிரதிட்டை செய்து, கோயிலுக்குள் நுழைய உரிமையற்றிருந்த மக்களுக்கு வழிபாட்டு உரிமையை நிலைநாட்டியவர் நாராயண குரு. அவரே உயிர்க்கொலையையும் ஊனுணவையும் மறுத்து 'ஜீவகாருண்ய பஞ்சகம்' பாடினார். அவருக்கு முன்னரே, தென்திருவிதாங்கூரில் சாமித்தோப்பு ஐயா வைகுண்டர் ஆடும் கோழியும் பலியிடுதலை எதிர்த்தார். இருவரும் ஒடுக்கப்பட்டோரிடையே தோன்றி, அவர்களைத் தலைநிமிரச் செய்தவர்கள். திருக்குறளில் 26-ஆம் அதிகாரமாக விளங்குவது 'புலால் மறுத்தல்'. இவ்வழியை விரும்பி ஏற்பவர்க்கு அது நம் சொந்த மரபு. ஏற்காதவரை இழிவுபடுத்தும் கருவியாக அதனை எவரும் கையாளலாகாது.

முழுதும் மறுக்காமல் சிறிது காலம் விலக்கி வைக்கும் வழக்கமும் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. மண்டல காலத்தில் ஐயப்ப பக்தர் 41 நாள் நோன்பிருக்கின்றனர். தவக்காலத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை நீக்குகின்றன. கர்க்கடக மாதத்தில் பலர் மருந்துக்கஞ்சி பருகுகின்றனர். புரட்டாசியில் தமிழ்நாட்டில் கோழி விற்பனை சரிவதை வணிகர் அனைவரும் அறிவர். குறைக்கத் தெரியாத மக்கள் அல்லர் நாம். கடவுளுக்காகச் செய்வதில் நான்கில் ஒரு பங்கை உடலுக்காகவும் ஆற்றுக்காகவும் செய்ய இயலாதா?

எவர் இலையில் குறைப்பது?

இனித்தான் நாம் கூற வந்த முதன்மையான செய்தி. முந்திரி ஆலையில் உழைத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் இப்பேச்சைக் கேட்டு நம்மிடம் கூறியது: "மக்கா, எங்கள் சிறுவயதில் கறி வேகும் மணம் அடுத்த வீட்டிலிருந்துதான் வரும். பிராய்லர் வந்த பிறகுதான் எங்கள் சட்டியிலும் வெந்தது. அதற்குள் குறை என்கிறீர்களே!" இக்கூற்றுக்கு விடை கூறாமல் இப்பொருளைப் பேச எவர்க்கும் உரிமையில்லை.

2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தச்சோகை உடையோர் கேரளத்தில் நூற்றுக்கு 36.3 பேர், தமிழ்நாட்டில் 53.4 பேர். இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். கீரையிலும் பயறிலும் உள்ளதை ஏற்பதற்கு நெல்லிக்காய், எலுமிச்சை போன்ற புளிப்பின் துணை வேண்டும். 'பி-12' என்னும் உயிர்ச்சத்து மீன், முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. ஆகவே "இவ்வீட்டில் இனிக் கறி பாதி" என்று தலைவர் ஆணையிட்டு, தம் இலையில் முன்போலவே துண்டுகளை அடுக்கிக்கொண்டால், அப்பாதி குறைவது மனைவியின் இலையிலும் மகளின் இலையிலுமே. அது சிக்கனமும் ஆகாது; அறமும் ஆகாது.

குறைக்க வேண்டியவர் மிகுதியாக உண்பவர். வாரத்தில் நான்கு நாள் பரோட்டாவும் வறுவலும் உண்ணும் நடுவயது ஆடவர், விருந்தென்ற பெயரில் உண்ணமுடியாத அளவு வாங்கி எறியும் வீட்டார், திருமணத்தில் நால்வகை இறைச்சி வைத்துப் பெருமை தேடுவோர் ஆகியோர் முன்வரட்டும். வளரும் பிள்ளை, கருவுற்ற பெண், மாதத்தில் இருமுறை மட்டும் கறி காணும் உழைப்பாளி ஆகியோருக்கு இவ்வறிவுரை உரியதன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சத்துணவோடு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை தருவது பிள்ளைகளின் வளர்ச்சி கருதியே. அம்முட்டையைத் தட்டிப் பறிக்கும் கொள்கை எதுவாயினும் நமக்கு வேண்டா.

எனின், குறைப்பவர் எதனால் நிரப்புவது? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்குச் சுமார் 85 கிராம் பருப்பு, பயறு வகை வேண்டும் என்கின்றது. அதில் ஒரு பகுதிக்கு ஈடாக முட்டையோ மீனோ இறைச்சியோ கொள்ளலாம். இதற்கு அயல்நாட்டுப் பொட்டலம் எதுவும் வேண்டுவதில்லை. புட்டோடு கடலைக்கறி, கஞ்சியோடு சிறுபயறு, தட்டைப்பயற்றுத் துவரன், காணத்துவையல், உளுந்தஞ்சோறு யாவும் நம் அடுக்களையில் பிறந்தவை. இளஞ்சக்கையை இறைச்சிக்கு மாற்றாக மேல்நாட்டார் விலைகொடுத்து வாங்குகின்றனர். நார் இறைச்சி போலத் தோன்றினும் அதில் புரதம் குறைவு. ஆதலின் அதனோடு கடலையோ பயறோ சேர்த்துச் சமைத்தல் நன்று.

மீன் நல்ல துணையே. ஆனால் கடலும் வற்றாத களஞ்சியமன்று. கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கின்படி, 2012-இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை கிடைத்தது; 2021-இல் சுமார் 3,300 டன்னே கிடைத்தது. பின்னர் வரத்து மீண்டதெனினும், ஒரே மீனை நம்பியிருத்தல் தகாது என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

செயல் முறையில் மூன்று வழிகளைக் கூறுவோம். முதலாவது, ஒரு கிலோ கறி வாங்கும் வீட்டில் அரைக் கிலோ வாங்கி, அதே குழம்பில் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சேர்ப்பது. சுவை குன்றாது, குழம்பும் எல்லோர்க்கும் காணும். இரண்டாவது, வாரத்தில் இரண்டு நாளேனும் இரவு உணவை வீட்டிலேயே பயறு கொண்டு முடிப்பது. மூன்றாவது, பரிமாறும்பொழுது துண்டுகளை எண்ணி, சமைத்தவள் இலையில் முதலில் வைப்பது. இம்மூன்றாவது எளிதாகத் தோன்றும். நம் வீடுகளில் அரிதாக நடப்பதும் அதுவே.

நம் சங்கத்து ஆண்டு விழா விருந்திலும் இதனைத் தொடங்கலாம். இறைச்சி வேண்டுவோர்க்கு ஓரளவு இறைச்சியும், அனைவர்க்கும் நிறையப் பயறும் கீரையும் வைத்து, ஒரே பந்தியில் யாவரும் அமர்ந்து உண்போமாக. எவர் இலையையும் எட்டிப் பார்த்து உயர்வு தாழ்வு பேசாதிருப்போமாக. மிகுந்தவர் இலையில் சிறிது குறைந்து, குறைந்தவர் இலையில் சிறிது கூடுமாயின், நம் உடலும் நலம்பெறும். நெய்யாறும் சிறிது தூய்மை பெறும்.